‘ஆதி’ ஆயுதமும் மான் பருவமும்: வேட்டையில் நியாயம் யாருடையது

1968ஆம் வருஷத்து அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு வினோதமான விலக்கு இருக்கிறது. 1898க்குள் செய்யப்பட்ட துப்பாக்கி அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே கிடையாது. அது ‘தொன்மைப் பொருள்’. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நேற்றைக்குத் தொழிற்சாலையில் வார்த்தெடுத்ததாக இருந்தாலும், பழைய துப்பாக்கியின் நகலாக இருந்து, சாதாரணத் தோட்டா போட முடியாததாக இருந்தால் அதுவும் தொன்மைப் பொருள்தான். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட வருஷத்தில், அந்தப் பதற்றத்தில் வந்த சட்டம் இது. ஒரு பொருளின் வயதை அது பிறந்த தேதியைக் கொண்டு அளக்காமல் அதன் தோற்றத்தைக் கொண்டு அளக்கலாம் என்று ஓர் அரசு எழுதிவைத்தபோது, அடுத்த அரை நூற்றாண்டுக்கான ஒரு சண்டைக்கும் சேர்த்தே விதை போட்டுவிட்டது. மான் வேட்டையைப் பற்றிய சண்டை.

துப்பாக்கி என்னவென்று சொல்லிவிட்டு மேலே போகலாம். நம்மூரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்கிறோமே, அதே இனம். குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பழைய வகையில் சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி விழும். பிறகு வந்ததில் சின்னக் கேப்பு வெடிக்கும். ஒருமுறை சுட்டால் மறுமுறை கெட்டித்து முடிப்பதற்குள் மான் மலை தாண்டியிருக்கும். மழை தூறினால் மருந்து நமத்துப்போகும். இந்த ஆயுதம் அமெரிக்காவில் ஒன்றிய அரசின் கண்ணுக்குத் துப்பாக்கியே இல்லை என்கிறபோது, இங்கே 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். நரிக்குறவர் கையில் இருந்தால் அது குற்றத்தின் தடயம். குடகர் வீட்டில் இருந்தால் அது மரபு, காலனிய காலத்திலிருந்தே அவர்களுக்கு விலக்கு உண்டு. 2019இல் அதைப் பத்து வருஷத்துக்கு நீட்டித்தும் கொடுத்தார்கள். இரும்பு ஒன்றுதான். பிடித்திருக்கும் கையைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள்.

‘பருவம்’ என்ற சொல்லுக்கு வருவோம். திணைக்குப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்த மொழியில் படித்தவர்களுக்கு, வேட்டைக்குக் காலம் குறிப்பது புதிய சங்கதி அல்ல. குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அங்கே பொழுது நிலத்திலிருந்து வருகிறது. நவீன அரசின் வேட்டைப் பருவம் அரசாணையிலிருந்து வருகிறது: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இன்ன ஆயுதத்தால், இன்ன பாலின விலங்கை, இன்ன கட்டணம் கட்டியவர் கொல்லலாம். மானின் சினைக்காலத்தைக் காப்பது அதன் ஒரு வேலை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. மனிதர்களை வகை பிரிப்பது அதன் இன்னொரு வேலை. இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இந்த வகை பிரித்தலுக்கு ஒரு நீண்ட இங்கிலாந்து முன்கதை உண்டு. 1671ஆம் வருஷத்து வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுன் வருமானம் தரும் நிலம் வைத்திருந்தால்தான் வேட்டையாடத் தகுதி என்றது. ஏதோ கொஞ்சம் விதிவிலக்குகள், அவ்வளவுதான். தன் வயலை மேயும் விலங்கைக்கூடக் குடியானவன் தொடக்கூடாது. 1723இல் வந்த கறுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குப் போனவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. இ. பி. தாம்ஸன் 1975இல் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஃபூக்கோவின் சிறைச்சாலை பற்றிய நூல் வந்ததும் அதே வருஷம். மக்களின் வழக்கமான உரிமைகள் எப்படிக் குற்றங்களாகப் பெயர் மாற்றப்பட்டன என்ற ஒரே கேள்வியை இருவரும் வேறு வேறு வாசல்களிலிருந்து கேட்டார்கள்.

இந்தச் சட்டத்துக்கு எதிர்ப்பதமாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டதுதான் அமெரிக்கா. அங்கே பிரபு இல்லை, அரசனின் காடு இல்லை. மான் எவன் சுட்டாலும் அவனுக்கு. கதையாடல் இப்படி. நடந்தது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் மான்தோல் ஏற்றுமதிச் சரக்கு; எல்லைப்புறத்தில் அது பணமாகவே புழங்கியது. பிறகு ரயில் வந்தது, நகரத்துச் சந்தைக்கு மானிறைச்சி போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைவால் மான் சில லட்சங்களாகச் சுருங்கிவிட்டது. அப்போதுதான் பணக்காரர்களுக்குக் காடு ஞாபகம் வந்தது. 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட்டும் கூட்டாளிகளும் பூன் அண்ட் கிராக்கெட் கழகத்தைத் தொடங்கினார்கள். ‘நியாயமான துரத்தல்’ என்ற அறவியலை ஊர் முழுக்கப் பரப்பியவர்கள் இவர்கள். விலங்குக்குத் தப்ப ஒரு வாய்ப்புக் கொடுத்துக் கொல்கிறவன் விளையாட்டு வீரன். வயிற்றுக்காகவோ விற்பதற்காகவோ கொல்கிறவன் கசாப்புக்காரன். 1900இல் லேஸி சட்டம், மாநில விதிகளை மீறிக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுத்தது. நல்ல சட்டம்தான், மான் மீண்டதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அதே கையோடு, பசிக்காகச் சுடுகிறவன் ஒழுக்கத்தில் ஒரு படி கீழே என்பதும் நிலைபெற்றுவிட்டது.

இதே பத்தாண்டுகளில்தான் உதகமண்டலத்துத் துரைமார்களும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம். 1879இல் சென்னை மாகாணத்தின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். மூடு பருவம், உரிமம், அபராதம் எல்லாம் அப்போதே வந்துவிட்டன. சட்டத்தின் தலைப்பிலேயே வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீனுக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த மலையிலேயே பிறந்து வாழ்ந்த இருளருக்கும் குறும்பருக்கும் அதில் என்ன பங்கு என்று தேடினால் தெரியும்.

அமெரிக்காவில் இந்தச் சட்டங்களின் கூர்முனை யார் மேல் பாய்ந்தது என்பதைத் தேதிவாரியாகவே பார்க்கலாம். அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பர்கள் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. 1868இன் ஒப்பந்தம் பான்னக், ஷோஷோனி மக்களுக்குக் குடியேற்றம் நடக்காத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமையைத் தந்திருந்தது. 1895இல் வயோமிங்கில் பான்னக் வேட்டைக் குழு ஒன்றைக் குடியேறிகளின் படை வளைத்துப் பிடித்தது; அதில் ஒரு முதியவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விவகாரம் உச்சநீதிமன்றம் போனது. வயோமிங் மாநிலமாக ஆனதே அந்த உரிமையை ரத்துசெய்துவிட்டது என்று 1896இல் ரேஸ் ஹார்ஸ் வழக்கில் தீர்ப்பு. அடுத்தது பென்சில்வேனியா. குடியுரிமை பெறாத வெளிநாட்டுப் பிறப்புள்ளவர்கள் எந்தக் காட்டு விலங்கையும் பறவையையும் கொல்லக்கூடாது, அதற்காக வேட்டைத் துப்பாக்கியே வைத்திருக்கக்கூடாது என்று 1909இல் சட்டம் கொண்டுவந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் இத்தாலியர்களும் ஸ்லாவியர்களும் வந்து குவிந்திருந்த காலம். இத்தாலியர் ஒருவர் தொடர்ந்த பாட்சோன் வழக்கில் 1914இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் சரியென்றது. எழுதியவர் ஹோம்ஸ், தாராளவாதிகள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற அதே நீதிபதி.

இந்த மாநிலத்தின் நாட்காட்டியையே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1873இலிருந்து அங்கே ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குத் தடை. கர்த்தருடைய ஓய்வுநாள் என்ற பக்திக் காரணம் சொல்லப்பட்டது. வாரத்தில் ஆறு நாள் ஆலையில் வேலை பார்க்கிறவனுக்கு ஏழாம் நாளும் மூடப்பட்டால் அவன் எப்போதுதான் காட்டுக்குப் போவது? பருவம் எல்லோருக்கும் பொது என்று காகிதத்தில் இருக்கும். போக நேரம் இருக்கிறவனுக்குத்தான் அது பருவம். 1963 முதல் துப்பாக்கிப் பருவம் நன்றிதெரிவிப்பு நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் என்று ஆனது. தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தத் திங்கட்கிழமையையே திருவிழாவாக்கிவிட்டார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டன, ஆலைகளில் ஆள் வரத்து நின்றது. சட்டம் தராத நேரத்தை ஊர்கூடி எடுத்துக்கொண்ட கதை அது. 2019இல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதே வருஷத்துச் சட்டம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் திறந்துவிட்டது. 2025இல் ஞாயிறு தடையே முழுசாக நீங்கியது. நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

வாய்வழித் துப்பாக்கிக்கான தனிப் பருவம் இந்தப் பின்னணியில் வருகிறது. 1937இன் பிட்மன்-ராபர்ட்ஸன் சட்டம், வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. மான் பெருகத் தொடங்கியது. இன்றைக்கு வெள்ளைவால் மான் மூன்று கோடி அளவில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். விலங்கு பெருகினால் வேட்டைக்காரர்களைப் பல தவணையாகப் பிரித்து அனுப்பலாம். வில்லுக்கு ஒரு பருவம், சாதாரணத் துப்பாக்கிக்கு ஒரு பருவம், பழைய துப்பாக்கிக்கு ஒரு பருவம். விஸ்கான்சின் 1934இலேயே வில்லுக்கு மான் பருவம் திறந்தது. சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் அங்கே தன் கையால் வில் செய்து வேட்டைக்குப் போனவர். கருவிமேல் கருவியாக மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களை அவர் கடுமையாகவே கேலி செய்திருக்கிறார். பென்சில்வேனியா 1974இல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்று பருவம் ஒதுக்கியது. இன்றும் கிறிஸ்துமஸுக்குப் பிந்திய குளிரில் அந்தப் பருவம் நடக்கிறது. 1800க்கு முந்திய துப்பாக்கியோ அதன் நகலோ மட்டும்தான் கொண்டுபோகலாம்.

ஏன் அந்தப் பத்தாண்டு? வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் அமெரிக்காவில் 1933இலேயே உண்டு, ஆனால் அது சிறு கூட்டம். 1972இல் ‘ஜெரமையா ஜான்ஸன்’ படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் மலைமனிதனாக வந்தார். 1976இல் விடுதலையின் இருநூறாவது ஆண்டு. வியத்நாமில் தோற்ற தேசம் தன் பாட்டனின் துப்பாக்கியைத் தேடிப் போனது. மான்தோல் உடுப்பும் மருந்துக் கொம்புமாகக் காட்டுக்குள் போய் நின்றால், தான் யார் என்பது தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. அந்தப் பாட்டன் அதே துப்பாக்கியால் மானை மட்டுமா சுட்டான் என்று கேட்கக்கூடாது. ஹாப்ஸ்பாம் சொன்ன ‘கண்டுபிடிக்கப்பட்ட மரபு’ இதைவிடக் கச்சிதமாக அமையாது.

இந்த மரபுக்குள் 1985இல் டோனி நைட் வந்து சேர்ந்தார். மிசூரியின் துப்பாக்கிக் கம்மியர். எம்கே-85 என்ற அவருடைய துப்பாக்கியும் வாய்வழி கெட்டிப்பதுதான். ஆனால் கேப்பு பக்கவாட்டில் இல்லை, குழலுக்கு நேர் பின்னால். நெருப்பு நேராக மருந்துக்குள் போகிறது. பார்வைக்கு நவீன ரைஃபிள் மாதிரியே இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: கரிமருந்துக்குப் பதிலாக பைரோடெக்ஸ் முதலான மாற்று மருந்துகள், அளந்து கொட்டும் சிரமம்கூட வேண்டாமென்று மருந்து வில்லைகள், பிளாஸ்டிக் உறையில் பொதிந்த செப்புக் குண்டு, மேலே ஸ்கோப். நூறு கஜத்துக்குள் நெருங்கிப்போய்ச் சுட வேண்டியிருந்த ஆயுதம் இருநூறு கஜத்தைத் தாண்டியது. சட்டம் தோற்றத்தையும் கெட்டிக்கும் முறையையும் வைத்துத்தானே தொன்மையை வரையறுத்தது. அந்த வரையறையின் எழுத்தை ஒரு கம்மியர் அட்சரசுத்தமாக நிறைவேற்றிக்காட்டினார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. உரையாசிரியர் வேலை அது.

சண்டை தொடங்கியது. பழைய துப்பாக்கிக்காரர்கள் ‘எங்கள் பருவத்தில் இவர்களுக்கு என்ன வேலை’ என்றார்கள். கொலராடோ ஸ்கோப்பையும் வில்லை மருந்தையும் பிளாஸ்டிக் உறையையும் தன் வாய்வழிப் பருவத்தில் தடுத்தது. ஐடஹோ கேப்பு வெளியில் தெரிய வேண்டும் என்றது. மறுபுறம் மிசிசிப்பி ‘ஆதி ஆயுத’ப் பருவம் என்று பெயர் வைத்துக்கொண்டு, பின்வழியாகத் தோட்டா போடும் ஒற்றைக்குழல் ரைஃபிளையும் அதில் அனுமதித்தது. வாய்வழித் துப்பாக்கி இல்லாமலே அந்தப் பருவத்தைக் கழிக்கலாம்! 2020இல் மருந்தை அடைத்த குப்பியைப் பின்வழியாகவும் குண்டை மட்டும் வாய்வழியாகவும் போடும் துப்பாக்கி வந்தது. இது எந்த வழி என்று மாநிலங்கள் ஆளுக்கொரு பதில் சொல்லின. நியூ மெக்சிகோ 2023இல் ஸ்கோப்பைத் தடுத்தது. சில வருஷங்களுக்கு முன் தாராளமாக அனுமதித்த யூட்டா 2024இல் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பைத் திரும்பவும் தடுத்தது.

புதிய துப்பாக்கிக்காரர்களின் வாதங்களில் பம்மாத்து உண்டு என்றாலும் இரண்டு லேசில் தள்ளக்கூடியவை அல்ல. அறுபது வயதுக்காரருக்குத் துப்பாக்கியின் முன்முனைக் குறியும் பின்முனைக் குறியும் மானும் ஒருசேரத் தெளிவாகத் தெரியாது. கண் மங்கியவனைப் பருவத்திலிருந்து வெளியே தள்ளுவது பாகுபாடுதானே என்று கேட்கிறார்கள். குறி தெளிவாக இருந்தால் விலங்கு சட்டென்று சாகும், காயம்பட்டு இரண்டு நாள் புதரில் கிடந்து சாகாது என்பது அடுத்தது. இந்த இரண்டாவது வாதம் ‘நியாயமான துரத்தல்’ என்ற பிரபுத்துவ அறத்தின் மர்மத்தைத் தொட்டுவிடுகிறது. ஆயுதத்தின் குறைபாடு மானுக்குத் தரும் சலுகை என்கிறார்கள். அந்தச் சலுகையின் ஒரு பகுதி தப்பித்த மான், இன்னொரு பகுதி காயத்தோடு ஓடிய மான். இரண்டாவதின் கணக்கு எந்த உரிமச் சீட்டிலும் வராது. ஆனால் இந்த வாதத்தை முன்வைக்கிறவர்களும் சாதாரணத் துப்பாக்கிப் பருவத்துக்குப் போனால் ஸ்கோப்போடு தாராளமாகச் சுடலாமே? போகமாட்டார்கள். கூட்டமில்லாத காட்டில், ஆண்மான்கள் கூச்சம் விட்டு அலையும் நாட்களில், கூடுதலாகச் சில தினங்கள் வேண்டும். துறைகளுக்கும் இதில் கசப்பில்லை. புதிய ஆயுதம் வந்தால் புதிய ஆட்கள் வருவார்கள், உரிமக் கட்டணமும் வரிப்பங்கும் கூடும். ஓய்வுநேரத்தைப் பங்குபோடும் பாகப்பிரிவினைதான் இது. பங்காளிகளுக்குள் சண்டை பெரிதாகக் கேட்கும்.

பாகமே இல்லை என்று சொல்லப்பட்டவர்களிடம் போனால் ‘நியாயம்’ என்ற சொல்லின் எடை மாறுகிறது. விஸ்கான்சினின் வடபகுதியை ஓஜிப்வே மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுத்தார்கள். அரசுக்கு வேண்டியது மரம்; 1837 ஒப்பந்தத்துக்குப் பைன் மர ஒப்பந்தம் என்றே பெயர். விட்டுக்கொடுத்த நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் உள்ள உரிமையை அவர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் மாநிலக் காவலர்கள் அவர்களை அந்த நிலத்திலேயே திருடர்களாகப் பிடித்தார்கள். 1974இல் பிடிபட்டவர்களின் வழக்கிலிருந்து தொடங்கி, 1983 ஜனவரியில் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. வாய்க் தீர்ப்பு என்று அதற்குப் பெயர்.

எண்பதுகளின் கடைசியில் ஒவ்வொரு வசந்தத்திலும், ஓஜிப்வேக்கள் ஈட்டியால் மீன் குத்த வந்த படகுத்துறைகளில் வெள்ளையர் கூட்டம் திரண்டது. கல்லெறிந்தார்கள், இனவசை கூவினார்கள். அவர்கள் சொன்ன வாதங்களில் ஒன்றை நிதானமாகக் கவனிக்க வேண்டும்: ‘ஒப்பந்தம் அந்தக் காலத்தது, அப்படியானால் அந்தக் காலத்து மரப்பட்டைப் படகிலும் பந்தத்திலும் வந்து பிடிக்கட்டும்; மோட்டார் படகும் மின்விளக்கும் எதற்கு?’ சொன்னவர்களின் சொந்தப் படகில் மோட்டாரும் இருந்தது, மீன் இருக்குமிடம் காட்டும் கருவியும் இருந்தது. எம்கே-85 கடைக்கு வந்த அதே வருஷங்கள் இவை. வெள்ளை வேட்டைக்காரன் ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியோடு ‘ஆதி’ப் பருவத்துக்குள் நுழையலாம், பூர்வகுடி நவீனக் கருவியோடு தன் உரிமைக்குள் நுழையக்கூடாது. ஒருவனுக்கு ஆதி என்பது விடுமுறை உடுப்பு, கழற்றலாம் மாட்டலாம். மற்றவனுக்கு அது சிறைச்சீருடை. 1987இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: ஒப்பந்த காலத்து முறைகளையும் பிறகு வந்த முறைகளையும் ஓஜிப்வேக்கள் பயன்படுத்தலாம். ஈட்டி மீன்பிடிப்பால் மீன்வளம் அழியவில்லை என்று 1991இல் கூட்டு ஆய்வறிக்கையும் வந்தது. அதற்கு முந்திய வருஷம் அறுவடை செய்யத்தக்க வளத்தில் பாதி அவர்களுக்கு என்று நீதிமன்றம் வகுத்திருந்தது. மரத்தில் மட்டும் பங்கில்லை என்று 1991இல் சொல்லிவிட்டது. மரத்துக்காகத்தானே ஒப்பந்தமே!

மானில் ஒரு பாக்கி இருந்தது. இரவில் விளக்கடித்து மான் வேட்டையாடுவது ஓஜிப்வேக்களின் பழைய முறை. குறிஞ்சிக்குச் சொன்ன அதே யாமம். 1991 தீர்ப்பு பாதுகாப்பு என்ற காரணத்தால் அதைத் தடுத்தது. பிறகு மாநிலமே என்ன செய்தது? மான்களிடையே நரம்பழிவு நோய் பரவியபோது தன் ஆட்களை இரவில் சுட அனுப்பியது. 2012இல் ஓநாயை இரவில் வேட்டையாடப் பொதுமக்களுக்கே அனுமதி தந்தது. இரவு ஓநாய்க்குப் பாதுகாப்பானதாகவும் மானுக்கு ஆபத்தானதாகவும் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பழங்குடிகள் திரும்பவும் நீதிமன்றம் போனார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2015இல் தடை நீங்கியது. இப்போது இரவு வேட்டைக்குப் போகும் ஓஜிப்வே, இரவிலேயே குறிபார்த்துச் சுடும் சோதனையில் தேற வேண்டும்; எந்த இடத்தில் நின்று எந்தத் திசையில் சுடுவேன் என்று முன்கூட்டியே திட்டம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இந்த விதிகளை அவர்களே தங்கள் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். நான்கு வருஷம் கழித்து, 2019இல், க்ரோ இனத்தைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், 1896இன் ரேஸ் ஹார்ஸ் தீர்ப்பு இனிச் செல்லாது என்று உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது.